செக்கர் வீட்டுத் தாழ்ப்பாள்

மடியில வச்சிருக்கது குழாய்தான தம்பி? பையக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிடுங்க, என் கருப்பட்டிப் பெட்டி நசுங்கிரும். குழாய்தான? நெனச்சேன். மூடுன பைக்குள்ள என்ன இருக்குன்னு முழங்கை பட்டதுமே சொல்லிருவேன், நம்ம சர்வீஸ் அப்பிடி. வீட்ல வேலை நடக்காக்கும். நடக்கட்டும், நல்லது. இப்ப வீட்ல யாரு இருக்கா? ஒருத்தரும் இல்லையா? பிளம்பர் கையில சாவியக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்குத் திருச்செந்தூர் வந்துட்டுத் திரும்புதியளா?

படிச்ச பிள்ளையாத் தெரியுதிய. உங்களச் சொல்லிக் குத்தமில்ல, இப்பத்த காலம் அப்பிடி. எல்லாரும் எல்லாரையும் நம்புதாவ.

வேலைக்காரன் கெட்டவன்னு நான் சொல்லல. கண்டக்டர்லயே நல்லவன் உண்டு. ஆனா அவன் நல்லவன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்துல இருந்து பாத்தாத்தான தெரியும். இதச் சொன்னா என் வீட்டுக்காரி வடிவு என்ன சொல்லுவா தெரியுமா? நீங்க பக்கத்துல இருந்தா, அவன் தன்னால நல்லவனா, இல்ல நீங்க இருக்கதுனால நல்லவனான்னு எப்பிடிக் கண்டுபிடிப்பியம்பா. அவ அப்பிடித்தான், எதுலயும் குறுக்க ஒரு கேள்வி போடுவா.

என் பேரு ஆறுமுகநயினார். அம்பாசமுத்திரத்துல வந்து செக்கர் நயினார் வீடு எதுன்னு கேளுங்க, கைக்குழந்தை கூடக் காட்டும். பிரைவேட் பஸ் கம்பெனியில செக்கரா இருந்து ரிட்டையர் ஆனவன். செக்கருக்குக் கண்டக்டர் ஏன் பயப்படுதான்? எந்த ஸ்டாப்புல ஏறுவான்னு தெரியாதுல்லா, அதுக்குத்தான். நான் கல்லிடைக்குறிச்சியில இளநீர்க் கடைக்குப் பின்னால மறைஞ்சு நின்னு ஏறுவேன். ஒரு தடவ கல்யாண ஊர்வலத்துக்குள்ள நடந்து வந்து ஏறியிருக்கேன், நெத்தியில சந்தனத்தோட. அன்னா நிக்கான் பாருங்க நம்ம கண்டக்டரு. குரும்பூர்ல ஏறுன அந்த அம்மாவுக்கு டிக்கெட் அடிச்சானா இல்லையா? மிஷின் சத்தம் கேட்டதா உங்களுக்கு? கேட்டதா. சரி, அடிச்சிருப்பான்.

நான் வேலைக்காரங்கள வச்சு வேலை வாங்கின கதையச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. உங்க ஊரு வரதுக்குள்ள முடிச்சிருவேன்.

எனக்கு ஒரே மக, சங்கரி. தூத்துக்குடியில கெட்டிக் குடுத்திருக்கு. அவ மாசமா இருக்கான்னு தெரிஞ்ச அன்னையில இருந்து வடிவு கால் தரையில படல. தலைப்பிரசவம் தாய்வீட்லதான? பிள்ள இங்க வந்து இருந்து, நான் ஆக்கிப் போட்டு, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டின்னு கனாக் கண்டுக்கிட்டு இருந்தா. சங்கரி போன்ல சொல்லிட்டா, நான் வரலம்மான்னு. ஏன்னா, எங்க வீட்ல குளியலறை, கக்கூஸ் எல்லாம் கெணத்தடி தாண்டிப் பின்னால. வயித்தத் தள்ளிக்கிட்டு மழையில நடக்க முடியாதுன்னா. அங்க அவ மாமியா வீட்ல எல்லாம் அறைக்குள்ளயே இருக்கு. சம்பந்தியம்மா தங்கமானவ, பிரசவத்த நாங்களே பாத்துக்கிடுதோம்னு வேற சொல்லிட்டா. அதக் கேட்டு வடிவு அழுத அழுகை இருக்கே, நான் செத்தாக் கூட அப்பிடி அழுவாளான்னு தெரியல.

எனக்கும் வருத்தம்தான். ஆம்பிள வெளியில காட்ட முடியுமா? பெத்த மகளுக்கு ஒரு பிரசவம் பாக்க வக்கில்லன்னு ஊர்ல பேசினா எந்த முகத்த வச்சுக்கிட்டு நடக்க? அதுக்காக நடு அறையோட ஒட்டி ஒரு குளியலறையும் உக்காந்து போற கக்கூஸும் கெட்டிருவோம்னு முடிவு பண்ணினோம். சின்ன வேலைதான். வளைகாப்புக்கு முன்னால முடிச்சிட்டா பிள்ளையக் கூட்டிட்டு வந்திரலாம்.

மொத கொத்தனார் வீரவநல்லூர்க்காரரு. வேலை தெரிஞ்ச ஆளுதான். என்கிட்ட கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு உண்டு. அதக் கொண்டு போயி அவரு முதுகுக்குப் பின்னால போட்டு உக்காந்தேன். ஒண்ணும் பேசல தம்பி, சத்தியமா ஒரு வார்த்தை பேசல. செங்கல் எடுத்தா செங்கலப் பாப்பேன். கரண்டி எடுத்தா கரண்டியப் பாப்பேன். டீ குடிக்கப் போனா கூடவே போயி டீயப் பாப்பேன். சாயந்தரம் பாத்தா அவரு வச்ச கல்லையே எடுத்து எடுத்துத் திருப்பி வைக்காரு. குடிப்பாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநாள் பெரியப்பா இறந்துட்டாருன்னு போன் பண்ணினாரு. சாவு யாருக்கும் வரும், நியாயம்தான். அந்த வாரத்துலயே இன்னொரு பெரியப்பாவும் இறந்துட்டாரு. நான் லேசுல விடுதவனா? ஒரு ரோசாப்பூ மாலை வாங்கிக்கிட்டு வீரவநல்லூருக்கு பஸ் ஏறிட்டேன். துக்கத்துக்குப் போனா போனதாச்சு, செக்கிங் பண்ணுனா பண்ணுனதாச்சு. கதவத் தொறந்தது ஒரு பெரியவரு. நீங்க யாருன்னேன். நான் கொத்தனாருக்குப் பெரியப்பான்னாரு. மாலைய என்ன செய்ய? அவரு கையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். அதுக்குப் பிறகு கொத்தனார் என் போன எடுக்கவே இல்ல. குட்டு வெளிப்பட்ட வெக்கம், வேற என்ன.

சுவர் முக்காவாசி எந்திரிச்சு நிக்கி. ரெண்டாவதா ஒரு சின்னப் பய வந்தான். வடிவு என்னக் கூப்பிட்டு, இந்தத் தடவ நாற்காலி போட்டு உக்காராதீயன்னு கெஞ்சினா. சரி, உக்காரல. நான் என்ன சொன்ன வாக்கத் தவறுதவனா? உக்காராமப் பாக்கதுக்கும் வழி இருக்குல்லா. குடையும் பையும் எடுத்துக்கிட்டு, திருநவேலிக்குப் போறேன், வர இருட்டிரும்னு எல்லார் காதுலயும் விழச் சொல்லிட்டு வாசல் வழியா எறங்கினேன். எறங்கி, தெருவச் சுத்தி, பின்பக்க முடுக்கு வழியா வந்து, மதில்ல ஏறி, புதுசாக் கெட்டின சுவர்ல ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக் காலத் தூக்கி உள்ள குதிச்சேன். இந்த வயசுலயும் சத்தமில்லாமக் குதிச்சேன் பாத்துக்கிடுங்க.

தரை அப்பத்தான் பூசியிருக்கான் பாவிப் பய. ரெண்டு காலும் கணுக்கால் முட்ட உள்ள போயிருச்சு. அவனும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கோம். ஏம்ல, தரை பூசும்போது எவன் எந்த வழியா வருவான்னு பாத்துப் பூச வேண்டாமான்னு கேட்டேன். குனிஞ்சு கரண்டியக் கழுவினான், சட்டையப் போட்டான், போயிட்டான். பொறுமைங்கதே இல்ல இந்தத் தலைமுறைக்கு. நான் காலப் பிடுங்குததுக்குள்ள சிமெண்ட் பாதி இறுகிப்போச்சு. வடிவு வந்து எட்டிப் பாத்தா. கிருஷ்ண ஜெயந்திக்குப் பூசையறை வரைக்கும் பாதம் வரைவாவ, நீங்க கக்கூஸ்ல பதிச்சிட்டியளேன்னா. சொல்லிட்டு, பின்னால போயி அழுதா. அவ சிரிக்காளா அழுதாளான்னு சில நேரம் கண்டுபிடிக்க முடியாது, ஆனா அன்னைக்கு அழுதா.

அழாம என்ன செய்வா? நாள் ஓடுது. சங்கரிக்கு ஏழாவது மாசமும் முடிஞ்சிருச்சு. தூத்துக்குடியில சம்பந்தியம்மா ஒரு அறைய ஒழிச்சு, தொட்டில் கெட்ட வளையம் கூட மாட்டிட்டாளாம். அப்பத்தான் சங்கரி அம்மாகிட்ட இன்னொண்ணு கேட்டிருக்கா. குளியலறை மட்டும் போதாது, அந்த நடு அறைக் கதவுக்கு உள்ள ஒரு தாப்பா போடணும், போட்டா வாரேன்னு.

இங்க ஒண்ணு சொல்லணும் தம்பி. எங்க வீட்ல எந்த அறைக்கும் உள்தாப்பா கிடையாது. வாசக்கதவுக்கு உண்டு, குளியலறைக்கு உண்டு, மத்தபடி கிடையாது. நான்தான் வைக்க விடல. குடும்பத்துக்குள்ள ஒளிவு மறைவு எதுக்கு? சங்கரி பெரிய கிளாஸ் போனப்பவே ஒரு தடவ தாப்பா கேட்டா. உள்ள என்ன செய்யப்போறன்னேன். படிக்கப்போறேன்னா. படிக்கதுக்கு எதுக்குத் தாப்பான்னேன். கேள்விக்குப் பதில் வரல, தாப்பாவும் வரல. சும்மா சொல்லப்பிடாது, எத்தனையோ தடவ அந்தக் கதவத் திடீர்னு தொறந்திருக்கேன். காலையில தொறந்திருக்கேன், மத்தியானம் தொறந்திருக்கேன், தூங்குதாளான்னு பாக்கத் தொறந்திருக்கேன். ஒரு தடவ கூட என் பிள்ள தப்புப் பண்ணி நான் பிடிச்சதில்ல. அவ்வளவு நல்ல பிள்ள. எப்பிடி அப்பிடி வளந்தா? நான் பாத்துக்கிட்டே இருந்தேன்லா.

அதனால தாப்பா முடியாதுன்னு சொல்லிட்டேன். வேணும்னா டைல்ஸ் அவ கேட்ட கலர்ல போடுவோம், வெந்நீருக்கு ஹீட்டர் போடுவோம், தாப்பா மட்டும் பேசாதன்னேன். அன்னைக்கு ராத்திரி வடிவு ரசம் மட்டும்தான் வச்சா.

ஆழ்வார்திருநகரியா இது? கூட்டம் ஏறுது. பெட்டிய நான் கால் மேல தூக்கிக்கிடுதேன், நீங்க நல்லா உக்காருங்க.

மூணாவது வந்தவன் தாவீது. எங்க போயிப் பிடிச்சாளோ, வடிவே பேசி முடிச்சுக் கூட்டிட்டு வந்தா. அவன்கூட சித்தாளா பாக்கியத்தாய்னு ஒரு அம்மா. வாய்னா வாய் அப்பிடி வாய். வந்த அன்னைக்கே என்னையும் நாற்காலியையும் பாத்துட்டு, ஐயாவுக்கு ஒரு கரண்டி குடுத்தா இன்னொரு ஆள் கூலி மிச்சமேன்னா. பாத்தியளா, என் சுறுசுறுப்பு அவளுக்கே தெரிஞ்சிருக்கு.

வேலை நல்லபடியா ஆரம்பிக்கப்போற நேரம், வடிவுக்குத் திடீர்னு நேத்திக்கடன் ஞாபகம் வந்திருச்சு. சங்கரி உண்டானதுக்குத் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கேன், இந்த நேரத்துல பாக்கி வைக்கப்பிடாது, நீங்க போயி மூணு நாள் தங்கிக் கும்பிட்டு வாங்கன்னா. தெய்வ காரியம், மறுக்க முடியுமா? நான் சொல்லிட்டுப் போனேன், வேலை நிக்கத்தான் போகுது, நான் வந்துதான் தொடங்கும்னு. வந்து பாத்தா பழைய தரையப் பேத்து எடுத்துட்டு, புதுத்தரை போட்டு, சுவரும் பூசி முடிச்சிருக்கு. எப்பிடி நடந்தது? நான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன்லா. கோயில் பிரகாரத்துல இருந்து, கடக்கரையில இருந்து, நாழிக்கிணத்துல வரிசையில நின்னுக்கிட்டே கூடப் பேசினேன். மட்டம் பாரு, தூக்குக் குண்டு விட்டுப் பாரு, சிமெண்டத் தண்ணியாக் கலக்காதன்னு விடாமச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

என் பேச்சக் கேக்கதுக்கு அவிய பண்ணுன ஏற்பாட்டக் கேட்டா அசந்துருவிய. பாக்கியத்தாய்தான் சொன்னா. என் குரல் நல்லாக் கணீர்னு கேக்கணும்னு போன எடுத்து ஒரு வாளிக்குள்ள வச்சிருவாங்களாம். தூசி பட்டுரப்பிடாதுன்னு மேல சாக்கு மடிச்சுப் போட்டு, அதுக்கு மேல ஒரு சட்டியக் கவுத்தி மூடிருவாங்களாம். அவ்வளவு மரியாதை. நான் நேர்ல நின்னு பாத்த கொத்தனாரெல்லாம் ஓடிட்டான், வாளிக்குள்ள இருந்து பேசினதும் வேலை எப்பிடி நடக்கு பாருங்க.

அதுக்குப் பிறகு வடிவு சும்மா இருக்க விடல. மதுரையில எங்க அக்கா இருக்கா, அவள நேர்ல போயி வளைகாப்புக்கு அழைக்கணும், போன்ல அழைச்சா மதிப்பா இருக்காது, போனதும் வராதீய, ஒரு வாரம் இருந்து அவ மனசு குளிரப் பேசிட்டு வாங்கன்னா. எங்க அக்காவும் இவளும் பேசிக்கிட்டே வருசக்கணக்காச்சு. திடீர்னு என்ன பாசமோ. பொம்பளைங்க மனசு தண்ணி மாதிரி, எப்ப எங்க பாயும்னு சொல்ல முடியாது.

மதுரையில இருந்து சொன்னதுக்கு ஒரு நாள் முந்தியே திரும்பிட்டேன். பழக்கம் விடுமா? வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, சத்தமில்லாம நடு அறைக்குள்ள காலெடுத்து வச்சா, தம்பி, நான் அங்க உக்காந்திருக்கேன்.

நான்தான். என் நாற்காலியில, என் பழைய காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு, கழுத்துல விசிலத் தொங்கவிட்டுக்கிட்டு நிமிந்து உக்காந்திருக்கேன். உள்ள பூரா வைக்கோல். தலைக்கு ஒரு மண்சட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் கவுத்தி, கரியால மீச வரஞ்சு, கண்ணு மட்டும் இந்தா இம்மாம் பெரிசு. அதுக்கு முன்னால தாவீது பாட்டுப் பாடிக்கிட்டே டைல்ஸ் ஒட்டுதான். என்னப் பாத்ததும் பாட்டு நின்னு போச்சு.

இது என்னன்னு கேட்டேன். தாவீது ஒட்டின டைல்ஸையே திருப்பித் துடைக்க ஆரம்பிச்சிட்டான். பாக்கியத்தாய்தான், கொத்துவேலை நடக்க வீட்ல திருஷ்டிப் பொம்மை வைக்கணும்லா ஐயான்னா. திருஷ்டிப் பொம்மைய வெளியில தெருவப் பாத்துல்லா வைப்பாவ, இங்க என்னட்டி நடு வீட்ல வச்சிருக்கன்னேன். இந்த வீட்டுக்குத் திருஷ்டி தெருவுல இருந்து வரலையே ஐயான்னா. நானும் யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் சொல்லுதா. சொந்தக்காரங்க கண்ணுதான் பொல்லாத கண்ணு. என் கொழுந்தியா ஒருத்தி கல்லிடையில இருக்கா, அந்த வாரம் வந்து டைல்ஸத் தடவித் தடவிப் பாத்துட்டுப் போயிருக்கா. சரி, அது எதுக்கு என்ன மாதிரி இருக்குன்னு கேட்டேன். ஐயா உக்காந்திருந்தாத்தான எங்களுக்கும் கை ஓடுது, வெறும் நாற்காலியப் பாத்தா வேலையே வரமாட்டேங்குன்னா.

சொன்னா நம்பமாட்டிய, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. இத்தனை வருசம் பஸ்ஸுல ஏறி எறங்கியிருக்கேன், ஒரு கண்டக்டராவது எனக்கு ஒரு பொம்மை செஞ்சு வச்சிருப்பானா? தெருவுல இருக்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்கய்யா, நான் இல்லாட்டி என் உருவத்த வச்சாவது வேலை செய்யுதாவன்னு சொன்னேன். எல்லாரும் வந்து பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. எதுத்த வீட்டு வாத்தியாரு வேட்டித் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு வெளியில போயிட்டாரு, அவருக்கு இருமல் கோளாறு உண்டு.

வடிவு அதப் போட்டோ எடுத்துச் சங்கரிக்கு அனுப்பியிருக்கா. அன்னைக்குச் சாயந்தரம் சங்கரி போன் பண்ணினா. அம்மாவுக்கு இல்ல தம்பி, எனக்கு. அவ எனக்குப் போன் பண்ணவே மாட்டா, எது பேசினாலும் அம்மாகிட்டத்தான். எடுத்தா ஒரே சிரிப்பு. அவ அப்பிடிச் சிரிச்சு நான் எப்பக் கேட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. "அப்பா, அது நல்லா இருக்குப்பா. கண்ணத் தொறந்து வச்சிருக்கு, ஆனா எந்திரிச்சு வரல. நீங்களும் அப்பிடியே இருக்கதா இருந்தா நான் வாரேன்"ன்னா. வாட்டின்னேன். பொம்மையே போதும்னா அந்தப் பொம்மைக்குச் சொந்தக்காரன் எவ்வளவு பெரிய ஆளு. வடிவு அடுக்களையில இருந்து வந்து என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பிள்ள வாராளாம்னேன். அன்னைக்கு ராத்திரி அவியலும் வச்சு அப்பளமும் பொரிச்சா.

வளைகாப்பு தூத்துக்குடியில முடிஞ்சு, கையோட பிள்ளையக் கூட்டிட்டு வந்தாச்சு. போன வாரம்தான். புதுக் குளியலறை கண்ணாடி மாதிரி இருக்கு. குழாய்ல ஒரு சொட்டு ஒழுகுதுன்னு தாவீதும் பாக்கியத்தாயும் அன்னைக்கு வந்திருந்தாவ. சங்கரி உள்ள வந்தா, அறையச் சுத்திப் பாத்தா, சுவரத் தொட்டுப் பாத்தா. நான் ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லிக்கிட்டு இருக்கேன், இந்த டைல்ஸ் நான் மதுரையில இருந்து சொல்லி ஒட்டினது, இந்தக் குழாய் திருச்செந்தூர்ல இருந்து சொல்லி வச்சதுன்னு. கொஞ்சம் படுக்கேம்பான்னா. சரி படுன்னு வெளியில வந்தேன். கதவச் சாத்தினா. டக்குன்னு ஒரு சத்தம்.

எங்க வீட்ல ஒரு அறைக்கதவுல நான் அந்தச் சத்தம் கேட்டதே இல்ல தம்பி. கதவத் தள்ளினேன், அசையல. ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல எனக்கு. பிறகு கோவம் வந்ததே, குழாய் வேலைய முடிச்சிட்டுக் கெணத்தடியில சாமான் கழுவிக்கிட்டு இருந்த தாவீதுகிட்ட நேராப் போனேன். என்னக் கேக்காம எவன்ல தாப்பா போட்டான்னேன்.

அவன் கையத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சான். "உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன் அண்ணாச்சி"ன்னான்.

எப்பல கேட்டன்னேன்.

"நாற்காலியில இருந்தியள்லா, அப்ப. சங்கரி பாப்பா அறைக்கு உள்தாப்பா போடட்டுமான்னு ரெண்டு மட்டம் கேட்டேன். வேண்டாம்னு நீங்க சொல்லல."

பாக்கியத்தாய் பக்கத்துல நிக்கா. அவ சாட்சி சொல்லுதா, ஆமா ஐயா, நானும் பாத்தேன், லேசாத் தலைய ஆட்டின மாதிரி கூட இருந்ததுன்னு. நான் என்ன சொல்ல? அது நான் இல்லன்னு சொல்லணும். தெருவுல ஒவ்வொருத்தனையும் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, அது நான்தான்னு காட்டினவனும் நான்தான். வடிவு மோர் எடுத்துட்டு வந்து குடுத்தா.

விட்டுருவேனா? திருப்புளிய எடுத்துட்டு வந்தேன், தாப்பாவக் கழட்டிருவோம்னு. ஸ்குரூ எல்லாம் உள்பக்கம் இருக்கு. வெளியில இருந்து என்னத்தக் கழட்ட? கதவத் தட்டி, ஏட்டி உள்ள என்ன செய்யுதன்னேன். தூங்கப்போறேம்பான்னா. தூங்கதுக்கு எதுக்குத் தாப்பான்னேன்.

உள்ள அவ எந்திரிக்க சத்தம் கேட்டது. பிறகு கதவுக்குப் பக்கத்துல வந்து நின்னு பேசினா. கோவமாப் பேசல, மெதுவாத்தான். "தூங்கதுக்குத்தாம்ப்பா வேணும். இந்த வீட்ல நான் ஒரு நாளும் முழுசாத் தூங்கினதில்ல. எப்பக் கதவு தொறக்குமோ, எப்பக் கதவு தொறக்குமோன்னு கெடப்பேன். இப்ப நல்லாத் தூக்கம் வருது. எந்திரிச்சதும் நானே தொறக்கேன், என்ன"ன்னா.

மிச்சமிருந்த மோர எடுத்துக் குடிச்சேன், மொளகா அதிகம் போட்டுட்டா இவ. மாசமா இருக்க பிள்ள, களைப்புல ஏதோ பேசுதா, நாம எதுக்கு வாய் குடுக்கன்னு விட்டுட்டேன். ஆனா அங்கன இருந்து போகவும் மனசு வரல. கூடத்துக்கு மாத்தியிருந்த நாற்காலியில இருந்து பொம்மையத் தூக்கி ஓரமா வச்சிட்டு, அதக் கதவுக்கு முன்னால போட்டு உக்காந்தேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. திருப்புளி கையில இருக்கு. பாத்துக்கிட்டே இருந்தேன். என்ன ஆச்சுன்னு தெரியல, நானும் தூங்கிட்டேன். வேலை நடந்த காலத்துல, ஏன் என் சர்வீஸ்லயே, ஒரு நாள் பகல்ல நான் கண் அசந்தவன் இல்ல. முழிச்சுப் பாத்தா விளக்கு வைக்கிற நேரம். கதவு தொறந்திருக்கு. சங்கரி என் முன்னால நிக்கா, நல்லாத் தூங்கி முகம் உப்பி, சின்னப் பிள்ளைல இருந்த மாதிரியே இருக்கா. கையில இருந்த திருப்புளிய எடுத்து அலமாரியில வச்சிட்டு, காப்பி குடிக்க வாங்கப்பான்னா.

இப்பவும் பிள்ளைக்குப் பக்கத்துல நான்தான இருக்கணும்? பிள்ள பெத்த பிறகு அவளுக்குக் குடுக்கக் காய மருந்து லேகியம் கிண்ட நல்ல கருப்பட்டி வேணும், கடையில விக்கதுல சீனி கலக்கான், உங்க கண்ணு ஒண்ணுதான் அதக் கண்டுபிடிக்கும், உடன்குடிக்கே போயி பதநீர் காச்சுத இடத்துல நின்னு பாத்து வாங்கிட்டு வாங்கன்னு வடிவு அனுப்பிட்டா. பாத்துத்தான் வாங்கியிருக்கேன். அடுத்த வாரம் தேனுக்குப் பாபநாசம் மலைக்குப் போகணுமாம். ஒரு வீட்ல எல்லாத்துக்கும் ஒரே ஆளோட கண்ண நம்பியிருந்தா இப்பிடித்தான், ஓய்வு கிடையாது.

தாப்பாவா? கழட்டல. கழட்டணும்னா அவ வெளியில இருக்கயில உள்ள போயிக் கழட்டிருக்கலாம், ஒரு நிமிச வேலை. செய்யல, அவ்வளவுதான். இருந்தாலும் போட்டதுக்கு நாம ஒரு செக்கிங் பண்ணணும்லா. நேத்து மத்தியானம் அவ உள்ள போயி டக்குன்னு போட்டதும், நான் மெதுவாப் போயிக் கதவ ஒரு தள்ளு தள்ளிப் பாத்தேன். அசையல. தோளக் குடுத்து ஒரு தள்ளு தள்ளினேன். ம்ஹூம். ஒரு மயிரிழை விலகல. நான் பக்கத்துல இல்லாமலே இப்பிடிப் போட்டிருக்கான் அந்தப் பய. உள்ள இருந்து யாருன்னு கேட்டா. ஒண்ணுமில்லட்டி, செக்கிங்னேன். சிரிச்சா. "பாத்தாச்சுல்லா, எறங்கிக்கிடுங்கப்பா"ன்னா.

எறங்கிட்டேன்.